கூப்பிட முடியாத பெயர்

திங்கட்கிழமை எண்களை நான் நம்புவதில்லை. ஞாயிறு முழுக்க ஐஸ்வாலில் கடை திறக்காது. சிகரெட் வாங்க வழியில்லாமல் ஒரு நாள் இருந்தவர் மறுநாள் காலை என் கருவியில் ஊதினால் எண் தாழ்ந்துதான் வரும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஏமாந்த காலம் உண்டு. இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருப்பேன்.

சங்லூரா முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அறுபத்து மூன்று வயது. சாம்பாய்ப் பக்கத்தில் ஒரு கிராமம், இஞ்சி போடுகிறவர். குரல்வளையில் கட்டி. நான்கரை வாரத்தில் அறுவைச் சிகிச்சை என்று தேதி குறித்திருந்தார்கள். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள். மூச்சு அதன் வழியாக. அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இதை டாக்டர் அவரிடம் இரண்டு முறை எடுத்துச் சொல்லிவிட்டார் என்று தாளில் எழுதியிருந்தது.

மூச்சை அடக்கி மெதுவாக ஊதச் சொன்னேன். கருவி இருபத்து நான்கு காட்டியது. உடம்பில் தங்கியிருக்கும் புகையின் அளவு அது.

"ஆறுக்குக் கீழ வரணும்" என்றேன்.

"இருபத்து நாலுன்னா பாஸா, ஃபெயிலா?" காற்றும் கரகரப்புமாக இருந்தது குரல்.

"ஃபெயில்."

"பள்ளிக்கூடத்துலயும் இந்த மார்க்தான் வாங்கினேன், மிஸ்."

என்னை எல்லோரும் மிஸ் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் புகை மிஸ். ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிறிய அறைதான் என் இடம். புற்றுநோய் வந்தவர்களைப் புகையிலிருந்து விலக்குவது வேலை. 'வந்தப்புறம் விட்டு என்ன ஆகப்போகுது?' என்று ஒரு நாளைக்கு நான்கு பேராவது கேட்பார்கள். பதில் எனக்கு மனப்பாடம். தையல் ஆறும், கதிர்ச் சிகிச்சை நன்றாக வேலை செய்யும், இன்னொரு கட்டி வராமல் தடுக்கலாம். எல்லாம் உண்மை. இருந்தாலும் அதைச் சொல்லும்போது என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. எழுந்துவிடுவேன். ஜன்னலுக்கும் மேசைக்கும் இடையே நடந்துகொண்டே பேசுவேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"கடைச் சிகரெட் ஏழெட்டு. அது சும்மா, அதை இன்னைக்கே விட்டுடுவேன். அப்புறம் இவ சுருட்டித் தர்றது மூணு." தாடையால் பக்கத்தில் காட்டினார்.

பெஞ்சின் மறு ஓரத்தில் அவர் மனைவி லியான்சுங்கி உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. எங்கள் ஊர்ப் புகையிலையைத் தாளில் வைத்துச் சுருட்டுவதை ஸோஸியல் என்போம். காலைத் தேநீரோடு ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று என்று அதைத் தட்டின் ஓரத்தில் வைப்பது அந்த அம்மாளின் வழக்கமாம்.

"அந்த மூணை விட முடியாதா?"

"அது வேற கதை. கேளு. அந்தக் காலத்துல நாங்க ஆறு பேர், இவ மேல ஆசைப்பட்டவனுங்க, இவ வீட்டுக்குப் போவோம். சாயங்காலமானா அடுப்பைச் சுத்தி உக்காந்துக்குவோம். வந்தவன் எல்லாருக்கும் பொண்ணு சுருட்டித் தரணும், அதானே மரியாதை. ஆறு பேருக்கும் சுருட்டுவா. என்னுது மட்டும் இறுக்கமா இருக்கும். நின்னு எரியும். மத்தவனுங்களுது நாலு இழுப்புல அவிஞ்சு போயிடும்." சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல இவ. அப்படித்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அந்த அம்மாளின் முகம் மாறவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. நான் படிவத்தில் 'எங்கிருந்து கிடைக்கிறது' என்ற கட்டத்தைத் தேடி 'மனைவி' என்று எழுதினேன். இப்போது நினைத்தால், எவ்வளவு வேகமாக எழுதினேன் என்பதுதான் உறுத்துகிறது.

எழுந்து போகும்போது கதவருகே நின்றார். "புகைதானே கூடாது? தூய்பூர் வாயில அடக்கிக்கலாமில்ல?" புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கிக் குப்பியில் வைத்திருப்பதைக் கேட்டார். என் அம்மாவின் பையில்கூட ஒரு குப்பி இருந்தது.

"அதுவும் கூடாது."

"மூச்சாவது விடலாமா?"

"அதுக்குத்தான் இவ்வளவும்."

அன்று மத்தியானம் நர்ஸ் ரெமி வந்தாள். "அக்கா, அந்த சாம்பாய்க்காரங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்க மாட்டேங்கறாங்க, கவனிச்சீங்களா? அந்தம்மா மருந்துச் சீட்டை அவர் கையில குடுக்கல. மேசை மேல வைக்கறாங்க, அவர் எடுத்துக்கறார்."

"புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். நமக்கு எதுக்கு?" என்றேன்.

எனக்கு வேறு கவலை இருந்தது. அறுவைச் சிகிச்சை டாக்டர் வழக்கமாக அதிகம் பேசாதவர். அன்று என்னை நிறுத்திச் சொன்னார்: "தேதியைத் தள்ள முடியாது, கட்டி வளருது. ஆனா புகையோட வந்தார்னா தையல் நிக்காது. தொண்டையில துளை விழுந்து எச்சில் உள்ள கசியும். கசிஞ்சா பக்கத்துல இருக்கற பெரிய ரத்தக் குழாயை அரிச்சுடும். போன வருஷம் ரெண்டு பேர் அப்படிப் போயிட்டாங்க. வெட்டித் தைக்கறதை நான் பாத்துக்கறேன். மீதி உங்க கையில."

என் கையில் என்றதும் கையைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டார்ங்கேத்தி என்று கூலி வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். நுரையீரலில் முற்றிய நிலை. விடச் சொன்னேன், விட்டாள். அவளுடைய எண் மூன்றுக்கு இறங்கிய நாளில் அறைக்குள் தனியாகக் கை தட்டியிருக்கிறேன். மூன்று வாரத்தில் இறந்துபோனாள். துக்க வீட்டில் அவள் மகள் என்னிடம் தேநீர்க் கோப்பையை நீட்டியபடி, "கடைசி நாள் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, மிஸ். நீங்க சொன்னீங்களேன்னு நான் குடுக்கல" என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். எண் இறங்கும்போது எனக்குள் எழும் அந்தச் சின்ன ஆனந்தம் யாருடையது, யாருக்காக என்ற கேள்வி அன்றைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் நான் உட்காருவதில்லையோ என்னவோ.

சங்லூராவின் விஷயத்தில் அந்தக் கேள்வி இல்லை. இவர் பிழைக்கக்கூடியவர். இவரையும் காப்பாற்ற முடியாவிட்டால் இந்த வேலை எதற்கு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் ஒரு அவசரம் இருந்தது. அந்த அவசரம்தான் தப்புச் செய்ய வைத்தது.

அவர் சொன்னபடியே கடைச் சிகரெட்டை முதல் நாளே விட்டார். வாயில் ஏலக்காய், கையில் ஒரு மூங்கில் குச்சி. எண் பதினெட்டு, பதினான்கு, பன்னிரண்டு என்று இறங்கிப் பதினொன்றில் நின்றுவிட்டது. ஒரு வாரம் அசையவில்லை. மீதி அந்த மூன்றுதான்.

லியான்சுங்கியை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். நான் கற்ற முறையில் குடும்பத்தாரின் ஒத்துழைப்பு என்று ஒரு பாடம் உண்டு.

"நீங்க சுருட்டித் தர்றவரைக்கும் அவர் விட மாட்டார். இந்த மூணால தையல் பிரிஞ்சுதுன்னா அவர் உயிரோட வீட்டுக்கு வர மாட்டார். இதை உங்களைத் தவிர யாராலயும் நிறுத்த முடியாது."

அந்த அம்மாள் என் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கிருந்தேவா?"

"இன்னைக்கிருந்தே."

துணிப்பையைத் திறந்தார். புகையிலைப் பொட்டலத்தையும் நறுக்கி அடுக்கிய தாள்கட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு கேள்வி இல்லை, ஒரு மறுப்பு இல்லை. "சரி, மிஸ்" என்று எழுந்துகொண்டார். எங்கள் மக்களிடம் இருக்கும் குணம் அது. அடுத்தவர் கேட்டால் தன் கஷ்டத்தைச் சொல்லாமல் கொடுத்துவிடுவது. அந்தக் குணத்தை எவ்வளவு சுலபமாகப் பயன்படுத்திக்கொண்டேன்! பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டு ரெமியிடம் போய், "முடிச்சாச்சு" என்றேன்.

திங்களன்று அவர் எண் ஐந்து. நான் நம்பவில்லை. செவ்வாய் பத்தொன்பது. வியாழன் இருபத்தேழு.

"என்ன ஆச்சு, பு சங்லூரா?" பெயருக்கு முன்னால் 'பு' வைப்பது எங்களிடம் மரியாதை.

"மெஷின் கெட்டுப்போயிருக்கும்."

நானே அதில் ஊதிக் காட்டினேன். ஒன்று.

"உனக்கு என்ன, நீ நல்ல பொண்ணு" என்றார். விளையாட்டாகப் பேச முயன்றார், வரவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கிட்டேன். கீழ்க்கடையில. நேத்து ஒரு பாக்கெட், அதுக்கு மேலயும் இருக்கும்."

"விட்டுட்டீங்களே! பத்து நாள் தொடவே இல்லையே!"

"அப்ப விட முடிஞ்சுது."

"இப்ப ஏன் முடியல?"

கையிலிருந்த மூங்கில் குச்சியை மேசைமேல் வைத்தார்.

"அவ நிறுத்திட்டா, மிஸ். போன வெள்ளிக்கிழமை. தேநீர் இருந்துச்சு, தட்டு இருந்துச்சு, சுருட்டு இல்ல. மறந்திருப்பான்னு நெனச்சேன். மத்தியானமும் இல்ல. ராத்திரியும் இல்ல." நிறுத்தி எச்சில் விழுங்கினார், வலித்திருக்க வேண்டும். "நாங்க பேசி நாலு வருஷமாச்சு. பேச்சுதான் நின்னுது, சுருட்டு நிக்கல. ஒரு நாள்கூட நிக்கல. அதனால பரவாயில்லன்னு இருந்தேன். இப்ப இதுவும் போச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல எனக்கு வாயும் போகப்போகுது. அதுக்கு முன்னாலயே முடிச்சுக்கிட்டா போல."

நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. என் படிவமும் என் கருவியும் என் இரண்டு வருஷத்துச் சங்கடமும் சேர்ந்து வாயை அடைத்துக்கொண்டன. அவர் போன பிறகுதான் தெரிந்தது, நான் உட்கார்ந்திருந்தேன் என்று.

அரை மணி நேரம் அறைக்குள் இருக்க முடியவில்லை. அடுத்து வந்தவரை நாளை வரச் சொன்னேன். வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கு மேலே சரிவில் இருக்கும், வெளியூர் நோயாளிகள் குடும்பத்தோடு தங்கும் விடுதிக்குப் படியேறினேன். பாதியில் திரும்பலாமா என்று நின்றேன். திரும்பவும் ஏறினேன்.

பொதுச் சமையலறையில் லியான்சுங்கி கடுகுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாக, விடுதியிலிருந்து சாலை வரை இறங்கும் படிக்கட்டு முழுதும் தெரிந்தது.

"அவர் கடையில வாங்கறார்" என்றேன்.

"தெரியும். சட்டையைத் துவைக்கறது நான்தானே?"

"நான் சொல்லித்தான் நிறுத்தினீங்கன்னு அவர்கிட்ட சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது?"

"எப்படின்னா? வாயாலதான்."

கீரையைத் தட்டில் வைத்தார். விரல்களில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார்.

"உங்களுக்குள்ள அப்படி என்ன சண்டை?" என்று கேட்டேன்.

"சண்டையா? சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், மிஸ்." சின்னதாகச் சிரித்தார். "எங்க பையன் ஜோவா. ஒரே பையன். மழையில பைக்கோட சரிஞ்சுட்டான், இருபத்தாறு வயசு. அவன் பொறந்த நாள்லேர்ந்து நான் இவரை ஜோவா பான்னுதான் கூப்பிடுவேன். இவர் என்னை ஜோவா நூன்னு கூப்பிடுவார்."

ஜோவாவின் அப்பா, ஜோவாவின் அம்மா. எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்துவிட்டால் கணவன் மனைவிக்கு வேறு பெயர் கிடையாது. நானும் அப்படித்தான் என் அப்பாவையும் அம்மாவையும் கேட்டு வளர்ந்தேன். அதை ஒரு பெயர் என்று நினைத்ததே இல்லை.

"அடக்கம் முடிஞ்சு, ஊர்ப் பிள்ளைங்க வந்து கூட இருந்து பாடிட்டு, எல்லாரும் போனாங்க. வீட்ல நாங்க ரெண்டு பேர். சோறு வடிச்சுட்டேன். கூப்பிடணும். வாயைத் திறந்தேன். அந்தப் பேரைச் சொல்லாம எப்படிக் கூப்பிடறது? தட்டைச் சத்தமா வெச்சேன். வந்து சாப்பிட்டார். மறுநாளும் தட்டு. அவரும் என்னைக் கூப்பிடல. கூப்பிடாம எப்படிப் பேச ஆரம்பிக்கறது? அப்படியே போச்சு."

"நாலு வருஷமா?"

"சுருட்டி வெச்சிட்டுத்தானே இருந்தேன்?" குரல் உயர்ந்தது. "மூணு வேளையும் வெச்சேனே! நீங்க வந்து அதையும் வேண்டாம்னுட்டீங்க. சரின்னேன். அவர் உயிர்னு சொன்னீங்க, நான் வேற என்ன சொல்றது?"

ஜன்னலைப் பார்த்தேன். படிக்கட்டில் சங்லூரா இறங்கிக்கொண்டிருந்தார். பழைய பழுப்பு மேல்சட்டை, ஒரு கை கைப்பிடிக் கம்பியில். கீழே கடையின் தகரக் கூரை.

"அதோ" என்றேன்.

லியான்சுங்கியும் எழுந்து வந்து பார்த்தார். "போய் நிறுத்துங்க, மிஸ்!"

"நான் நிறுத்தினா நாளைக்குப் போவார். அவர் என்ன நெனச்சுட்டிருக்கார் தெரியுமா? நீங்க அவரை முடிச்சுட்டீங்கன்னு நெனச்சுட்டிருக்கார். அவர் சொன்னப்பவே நான் உண்மையைச் சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப நான் சொன்னா நம்ப மாட்டார்."

அந்த அம்மாள் வெளியே ஓடி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னால். சங்லூரா பாதிப் படி தாண்டிவிட்டார். நானே கூப்பிட்டுவிடலாம், 'பு சங்லூரா!' என்று கத்த எனக்கு ஒரு நொடி போதும். பல்லைக் கடித்துக்கொண்டேன். வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சும்மா இருந்ததில்லை. அந்த அம்மாளின் வாய் திறந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. இன்னும் பத்துப் படி இருந்தது. ஏழு. ஐந்து.

"ஜோவா பா!"

அழுகைக் குரல் இல்லை. இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்கு, தோட்ட வேலையில் இருப்பவரைச் சோற்றுக்குக் கூப்பிடும் குரல். சங்லூரா நின்றார். திரும்பவில்லை. வேறு யாரையோ என்று நினைத்தாரோ, காது பொய் சொல்கிறது என்று நினைத்தாரோ!

"ஜோவா பா, உங்களைத்தான்!"

லியான்சுங்கி மண் ஒட்டிய கையோடு படிகளில் இறங்கி ஓடினார். நானும் இறங்கினேன், பத்துப் படி தள்ளியே நின்றுகொண்டேன்.

"கடைக்கா போறீங்க? வெக்கமா இல்ல?"

"நீதான் நிறுத்திட்டியே." அவர் குரல் எனக்குப் பாதிதான் கேட்டது.

"அந்த மிஸ் நிறுத்தச் சொன்னா, நிறுத்தினேன்! நீங்க செத்துப்போயிடுவீங்கன்னு சொன்னா!"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேட்டிருக்கலாமில்ல?"

"நீதான் பேச மாட்டியே!"

"நீங்க பேசினீங்களா? நாலு வருஷமா நீங்க ஒரு வார்த்தை பேசினீங்களா? பன்னிக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பாடு போடறீங்க, நான் என்ன, தூணா?" அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "நீங்க செத்துப்போனா நான் யார்கூடப் பேசாம இருக்கறது? சொல்லுங்க! செவுத்தோடயா?"

கீழே ஒரு டாக்ஸி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரி பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். சங்லூரா மனைவியின் தலைக்கு மேலாக என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"மிஸ், இது உன் வேலையா?"

"என் தப்பு" என்றேன். இந்த முறை உடனே வந்துவிட்டது.

அறுவைச் சிகிச்சைக்குப் பதினாறு நாட்கள் இருந்தன. அந்தப் பதினாறு நாளும் அவர்கள் ஓயாமல் பேசினார்கள். பேசினார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்று சொல்லலாம். "அக்கா, காத்திருக்கற இடத்துல உக்காந்துட்டு, அந்தப் பையன் எத்தனாவது வகுப்புல ஃபெயிலானான்னு ரெண்டு பேருக்கும் தகராறு. மத்த நோயாளிங்க தீர்ப்புச் சொல்றாங்க" என்றாள் ரெமி. ஜோவாவுக்கு கிடார் வாங்கித் தந்தது யார், பாம்பைப் பார்த்து அவன் பயந்தது எந்த ஓடையில், பைக் வாங்க முதலில் தலையாட்டியது யார். இந்தக் கடைசி விஷயத்துக்கு வந்தபோது மட்டும் இருவரும் ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அன்று என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. சாயங்காலம் வாசலில் "ஜோவா நூ, குடையை எடுத்தியா?" என்று அந்தக் காற்றுக் குரல் கேட்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவர் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. கூடுமானவரை பேசாமல் இருக்கச் சொல்லலாமா என்று டாக்டரைக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். எடுக்கப்போகிற ஒன்றை யாருக்காகச் சேர்த்து வைக்க வேண்டும்?

புகை ஒரே நாளில் போய்விடவில்லை. அப்படிப் போகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கை நடுங்கியது, தூக்கம் போனது, கஞ்சியைத் தள்ளிவிட்டார், என்னை இரண்டு முறை திட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பது வந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். "இவ தூங்கும்போது."

"நான் தூங்கல" என்றார் லியான்சுங்கி. "ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தே?"

"மூஞ்சி பாவமா இருந்துச்சு. ஆனா அதுதான் கடைசி. நாளைக்கு அந்த மூஞ்சி செல்லாது."

அதற்குப் பிறகு ஐந்து, நான்கு, நான்கு, மூன்று. நான் கை தட்டவில்லை. எண்ணை எழுதிவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் எண்ணைக் கேட்கக்கூட இல்லை, வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருந்த மனைவியின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்தார்.

அறுவைச் சிகிச்சை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மத்தியானம் தாண்டியும் நடந்தது. கதவுக்கு வெளியே அந்த அம்மாளோடு உட்கார்ந்திருந்தேன், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்துகொண்டு. சங்லூரா கடைசியாக என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாளாகவே சொன்னார்: "இஞ்சிக்கு மண் அணைக்கணுமாம். பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட போன்ல சொல்லச் சொன்னார். நான் சரின்னு சொல்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க."

பன்னிரண்டாவது நாள்தான் தெரியும் என்றார் டாக்டர். அன்றைக்கு நீலச் சாயம் கலந்த தண்ணீரை விழுங்கச் சொல்வார்கள். தையல் பிடித்திருந்தால் உள்ளே போகும். பிடிக்கவில்லை என்றால் கழுத்துக் கட்டுத் துணியில் நீலம் ஊறும்.

நான் வார்டுக்குப் போக வேண்டிய வேலை இல்லை. போனேன். சங்லூரா இளைத்துப் பாதியாகியிருந்தார். மூக்கில் உணவுக் குழாய், கழுத்தில் வெள்ளைத் துணி, அதன் நடுவில் மூச்சின் துளை. என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். ரெமி கோப்பையை நீட்டினாள்.

"மெதுவா, ஜோவா பா" என்றார் லியான்சுங்கி. "அவசரப்படாதீங்க. எப்பவும் அவசரம்தான். சூடா இருக்கறதையும் அப்படித்தான் குடிப்பார், மிஸ், நாக்கைப் பொசுக்கிட்டு. கொஞ்சமா. கொஞ்சமா எடுத்துக்குங்க."

விழுங்கினார். முகம் சுருங்கியது. டாக்டர் கட்டுத் துணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளை. இன்னொரு வாய். வெள்ளை. மூன்றாவது. சுவர்க் கடிகாரத்தில் பதினைந்து நிமிஷம் ஆக வேண்டும். என் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர் குனிந்து துணியின் ஓரத்தை விரலால் தூக்கி உள்பக்கம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எதுவும் பெரிதாகச் சொல்லாமல், "நாளைக்குக் கஞ்சி குடுங்க" என்று ரெமியிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

லியான்சுங்கி நம்பவில்லை. அவரும் ஒரு தடவை துணியைத் தூக்கிப் பார்த்தார். அப்போது சங்லூரா அவர் கையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோய் எடுத்தார்.

"பாருங்க, மிஸ்! இவருக்கு இன்னும் வேணுமாம்! எதுல வெச்சு இழுப்பீங்க, கழுத்துலயா?"

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பில் சத்தம் இல்லை, துளையின் வழியாகக் காற்று மட்டும் விட்டு விட்டு வந்தது. கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். நிஜமாகவே வேண்டியிருந்தது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தோணுது, பு சங்லூரா?"

அவர் யோசித்துவிட்டுப் பத்து விரலையும் காட்டினார்.

"பொய்" என்றார் லியான்சுங்கி. "அதுக்கும் மேல இருக்கும். நிஜத்தைச் சொல்லுங்க, ஜோவா பா."